வயிற்றுக்கு பாத்திக்... பெருமைக்கு ஓவியமா?

'அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்குச் செஞ்சது சார். நிஜமான கலை இந்தப் பக்கம் இருக்கு!'

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் கலை ரசிகர்களில் யாராவது ஒருவர் பத்தே நிமிஷத்தில் இதைச் சொல்லிவிடுவார். கேட்க நாசூக்காக இருக்கும். யோசித்தால், பச்சையான நன்றிகெட்டதனம்.

கதை தெரியாதவர்களுக்காக... அறுபதுகளில் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். படித்துவிட்டு வெளியே வந்த மாணவர்களுக்கு ஓவியத்தை நம்பிப் பிழைக்க வழியில்லை. படம் வாங்க ஆள் வேண்டுமே! 'கைவினை செய்வோம், விற்போம், மிச்ச நேரத்தில் வரைவோம்' என்று கூடிச் சங்கம் வைத்தார்கள். பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை என்று விற்ற காசைச் சேர்த்து, ஈஞ்சம்பாக்கம் கடலோரம் நிலம் வாங்கினார்கள். 1966-ல் பிறந்தது சோழமண்டலம்.

நான் காமர்ஸ் படித்தவன். முதல் போட்டவனைப் பங்குதாரர் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே முதல் போட்டது பாத்திக். பெருமையைப் பங்கு பிரிக்கும்போது மட்டும், அது வேலைக்காரன்!

'கைவினை என்பது செய்ததையே திரும்பச் செய்வது. கலை புதிதாகப் படைப்பது' என்று வாதாடுகிறார்கள். அப்படியா? ஒரே மாதிரிப் படத்தை இருபது வருஷம் வரைகிற ஓவியர்கள் எத்தனை பேர்! அதற்கு மட்டும் 'பாணி' என்று மரியாதையாகப் பேர் வைத்திருக்கிறோம்.

பாத்திக் என்பது துணியைச் சாயத்தில் முக்கி எடுக்கிற சமாசாரமில்லை. உருக்கிய மெழுகு ஆறுவதற்குள் கோடு இழுத்தாக வேண்டும். கை தயங்கினால் சொட்டிவிடும். அழிக்க ரப்பர் கிடையாது. சாயம் சூடாக இருந்தால் மெழுகு உருகிப் போகும். வெளிர் நிறத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசி நிறம் எங்கே விழும் என்பதை முதல் கோட்டிலேயே மனசுக்குள் பார்த்திருக்க வேண்டும். இது கலை இல்லையென்றால், எதுதான் கலை?

சோழமண்டலத்துச் சிற்பி பி.வி.ஜானகிராமைப் பாருங்கள். செப்புத் தகட்டைத் தட்டி, கம்பிகளைப் பற்றவைத்து அவர் செய்த உருவங்களில், சாமிக்குக் கவசம் செய்கிறவர்களின் கைப்பழக்கம் அப்படியே தெரியும். அந்தக் கையில் தொழில் எங்கே முடிகிறது, கலை எங்கே தொடங்குகிறது? கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்.

இந்தப் பாகுபாட்டுக்குப் பேர்ப்பலகையே சாட்சி. அலெக்ஸாண்டர் ஹன்ட்டர் என்ற டாக்டர் 1850-ல் தொடங்கிய கல்லூரி அது. பணிக்கர் காலத்தில் அதன் பெயரிலேயே கைவினை இருந்தது. இன்று அது 'அரசு கவின் கலைக் கல்லூரி'. துணி வடிவமைப்பும் பீங்கான் வேலையும் உள்ளே பாடமாக இருக்கின்றன. பலகையிலிருந்து மட்டும் கைவினையை இறக்கிவிட்டோம்.

அன்று பாத்திக் செய்தவர்களில் பலருடைய ஓவியங்கள் இன்று லட்சங்களில் விலை போகின்றன. நல்லது, சந்தோஷம். அதே கை செய்த துணி எந்த வீட்டு மேஜையில் விரிப்பாகக் கிடக்கிறதோ!

கலைக்கூடம் நடத்துகிறவர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. அந்தத் துணிகளைத் தேடிப் பிடியுங்கள். ஓவியத்துக்குப் பக்கத்திலேயே, அதே சுவரில் மாட்டுங்கள். செய்தவர் பெயர், வருஷம் இரண்டையும் கீழே எழுதுங்கள். சோறு போட்ட கலையைச் சமையலறையிலேயே உட்கார வைத்தது போதும்.