தொப்பி தாய்ப்பத்திரம் ஆகாது

புதிதாக வீடு வாங்க முனையும் நம் சகோதரர்களிடம், "யாரிடம் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "நம்ம ஆள்தான், நல்ல தீன்தாரி." அவர் இதற்கு முன் எத்தனை வீடுகள் கட்டினார், சொன்ன தேதியில் சாவியைக் கொடுத்தாரா, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற வினாக்களுக்கு அந்த விடையில் இடமில்லை. ஐந்து வேளையும் ஜமாஅத்துடன் தொழுகிறார், மதரஸாவுக்கு வாரி வழங்குகிறார், ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு முதல் ஆளாகப் பணம் தருகிறார் என்பதே போதுமான சான்றாகிவிடுகிறது. ஒரு குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பை இப்படியொரு சான்றை நம்பி ஒப்படைப்பதை மார்க்கமும் ஏற்காது, அறிவும் ஏற்காது.

உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் இன்னொருவருக்காகச் சாட்சி சொல்ல வந்த செய்தி நம் மிம்பர்களில் பலமுறை சொல்லப்பட்டதே. அவருக்கு அண்டை வீட்டுக்காரராக இருந்தீரா, அவருடன் பயணம் செய்தீரா, தீனார் திர்ஹம் கொடுக்கல் வாங்கல் வைத்துப் பார்த்தீரா என்று உமர் (ரலி) அவர்கள் வினவினார்கள். மூன்றுக்கும் இல்லை என்றே விடை வந்தது. அப்படியானால் பள்ளிவாசலில் அவர் தொழுவதை மட்டுமே பார்த்திருப்பீர், அவரை நீர் அறியவில்லை என்று அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். இந்தச் செய்தியைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு வெளியே வந்து, அதே பள்ளிவாசல் வாசலில் முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறோம். ஒருவருடைய இபாதத் அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ளது. அவர் எழுப்பும் தூணின் உறுதியோ அவருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இடையிலுள்ளது.

வட்டியிலிருந்து விலகி நிற்கும் குடும்பங்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். வங்கிக் கடனில் வீடு வாங்கும்போது வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் புரட்டிப் பார்க்கிறார். மதிப்பீட்டாளர் இடத்திற்கு நேரில் வருகிறார். வங்கி தன் பணத்தைக் காக்கவே இதைச் செய்கிறது. ஆயினும் வாங்குபவருக்கும் அது ஓரளவு காவலாகிறது. ஹராமுக்கு அஞ்சி நாம் அந்த வாசலை அடைத்தோம், அடைத்தது சரியே. ஆனால் அத்துடன் போய்விட்ட காவலுக்குப் பதில் என்ன செய்தோம்? நமக்கென ஒரு வழக்கறிஞரை அமர்த்திப் பத்திரங்களைப் பார்க்கச் சொல்லும் செலவு, வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதைக்கூடச் செய்யாமல் 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தைக் கண்டதும் மனம் நெகிழ்ந்துவிடுகிறோம். கட்டுமானத் தொழிலில் உள்ள சிலர் நம்மைத் தேடித் தேடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வட்டிக்கு அஞ்சுபவர் பெரும்பாலும் காகிதம் கேட்பதில்லை என்பதை அவர்கள் அறிவார்கள். வளைகுடாவில் உழைக்கும் சகோதரரோ வாட்ஸ்அப்பில் வரும் நான்கு படங்களைப் பார்த்துவிட்டு மாதந்தோறும் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

"இப்படித் துருவுவது முஸ்லிமைச் சந்தேகிப்பதாகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தவணைக் கடனை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சிகளை ஏற்படுத்துவதையும் அது விரிவாகப் பேசுகிறது. அந்தக் கட்டளையை முதலில் பெற்றவர்கள் ஸஹாபாக்கள். அந்தச் சமுதாயத்திற்கே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டிருக்க, நமக்கு மட்டும் வாய்ச்சொல் போதும் என்பது எந்த ஊர் நியாயம்?

தானியக் குவியல் பற்றிய ஹதீஸும் இங்கே நினைவுகூரத்தக்கது. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான அந்தச் செய்தியை விற்பவரை எச்சரிப்பதற்காகவே நாம் சொல்லி வருகிறோம். வாங்குபவருக்கும் அதில் பாடம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் குவியலின் மேற்புறத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடவில்லை. கையை உள்ளே விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். கையை உள்ளே விட்டுப் பார்ப்பதைச் சந்தேகம் என்று இனியும் சொல்வோமா?

வீட்டு விஷயத்தில் கையை உள்ளே விடுவதற்கு நாட்டின் சட்டமே வழி திறந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 'ரெரா' என்று நாம் அழைப்பது, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. பதிவுக்கு உட்பட்ட திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமும் செய்யக்கூடாது, விற்கவும் கூடாது. விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்திற்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலத்திற்கும் கட்டுமானத்திற்கும் மட்டுமே செலவிட வேண்டும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்து முறையிட்டால், 30 நாட்களுக்குள் தம் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். வாக்களித்தபடி வீட்டைத் தராவிட்டால், செலுத்திய பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இவற்றைப் பற்றிப் பேசும்போதே முகம் சுளிக்கும் கட்டுமானக்காரர் எத்தனை ஹஜ் செய்திருந்தாலும் நாம் விலகி வருவதே நலம்.

500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம் அல்லது எட்டுக்கு மேற்படாத வீடுகள் கொண்ட திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டில் எழும் சிறு அடுக்ககங்கள் பலவும் இந்த விலக்கில் அடங்கிவிடுகின்றன. நம்மவர்கள் தெரிந்தவரிடம் வாங்கும் வீடுகளும் பெரும்பாலும் இத்தகையவையே. அங்கே நமக்குத் துணை நாம் கேட்கும் கேள்விகளும் நாம் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமும்தான். அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் என்பதையும் ஃபிக்ஹே சொல்லித் தருகிறது. இனிமேல் செய்யப்படவிருக்கும் பொருளுக்கு இப்போதே விலை பேசும் 'இஸ்திஸ்னா' ஒப்பந்தத்தை ஹனஃபி அறிஞர்கள் அனுமதித்தபோது, பொருளின் வகையும் அளவும் தன்மையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். கார்பெட் ஏரியா எவ்வளவு, நிலத்தில் நம் பிரிபடாத பாகம் எவ்வளவு, என்ன கம்பி, எந்தத் தேதியில் சாவி என்று எழுதாமல் 'உயர்தர வசதிகள்' என்று மட்டும் எழுதிய தாளில், மார்க்கம் தடுத்த 'கரர்' எனும் தெளிவின்மைதான் நிறைந்திருக்கிறது. பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் கொடுப்பது வேறொரு தீமை. வட்டியைத் தவிர்த்த கையால் பொய்யில் ஒப்பமிடுகிறோம். நாளை வழக்கு என்று வந்தால் அந்தப் பணத்திற்கு நம்மிடம் எந்தச் சான்றும் இராது.

காகிதம் தேவை, காகிதம் மட்டும் போதாது. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். அதற்குத் திட்ட அனுமதி இருந்தது. ஆகவே, கட்டுமானக்காரர் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கட்டி முடித்த வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் மாடிச்சுவர் ஒழுகுகிறதா என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். சனிக்கிழமை கூலி தவறாமல் வருகிறதா என்று கொத்தனாரிடம் கேளுங்கள். உழைத்தவரின் கூலியை இழுத்தடிப்பவர் உங்கள் தவணைப் பணத்தை எப்படிக் கையாள்வார் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். நிலம் வக்ஃபு சொத்தா என்பதையும் வக்ஃபு வாரியத்தில் விசாரியுங்கள். அல்லாஹ்வுக்காக ஒருவர் விட்டுச் சென்ற நிலத்தில், தெரியாமல்கூட நாம் வீடு கட்டிக் குடியேற வேண்டாம்.

இறுதியாக, ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு சொல். ஏமாந்தவர் முறையிட வரும்போது, "நம் சகோதரரின் குறையை வெளியே சொல்வது புறம்" என்று அவர் வாயை அடைக்கிறீர்கள். திருமணம் குறித்து ஆலோசனை கேட்டு வந்த ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களிடம், பெண் கேட்டிருந்த இருவரின் குறைகளையும் நபி (ஸல்) அவர்கள் ஒளிக்காமல் எடுத்துரைத்தார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவதும், பிறர் ஏமாறாமல் எச்சரிப்பதும் தடுக்கப்பட்ட புறத்தில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். நன்கொடைப் பலகையில் பெயர் பொறிக்கப்பட்டவர் என்பதற்காக ஒருவரைக் காப்பாற்றினால், அடுத்து ஏமாறுபவரின் கண்ணீரில் உங்களுக்கும் பங்கு உண்டு. நேர்மையாகக் கட்டுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்பதற்கு முன்பே பத்திர நகலை நீட்டுகிறார்கள். குறையைச் சொன்னால் ஆளை அனுப்புகிறார்கள். நல்லவரையும் அல்லாதவரையும் ஒரே தொப்பியின் கீழ் நிறுத்துவதால் முதலில் நட்டப்படுபவர்கள் அவர்களே.

முன்பணம் கொடுப்பதற்கு முன் பத்திர நகலைக் கேளுங்கள். வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதன்பின் இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். நம் வீடுகளை உறுதியானவையாகவும், பரக்கத் நிறைந்தவையாகவும், யாருடைய உரிமையும் கலக்காதவையாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.