உடல்நலப் பகுதி: தாகம் அறியாத முதுமை

கோடை விடுமுறையில் ஊரிலிருந்து பெற்றோரை டில்லிக்கு வரவழைத்துக் கொள்வது நம் அன்பர்கள் பலருக்கும் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் என் தந்தையாரும் அவ்வாறே வந்திருந்தார். நான்காம் நாள் பிற்பகல் என்னைத் தமையனார் பெயரால் விளித்து, "மாட்டைக் கட்டியாயிற்றா?" என்று வினவினார். சித்தம் கலங்கிவிட்டதோ என்று அஞ்சி மருத்துவரிடம் விரைந்தோம். அவரோ, காலையிலிருந்து எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார் என்றுதான் முதலில் கேட்டார். ஒரு காப்பியைத் தவிர வேறொன்றுமில்லை. "தாகமே எடுக்கவில்லையே, அப்பா!" என்றார் தந்தையார்.

அது உண்மையே. 1984-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நல்ல உடல்நலமுள்ள முதியவர்களையும் வாலிபர்களையும் 24 மணி நேரம் நீரின்றி இருக்கச் செய்து பார்த்தனர். முதியவர்களுக்கு ஏற்பட்ட தாகம் வாலிபர்களின் தாகத்தைவிடக் குறைவு. பின்னர் தண்ணீரை எதிரே வைத்தபோதும் அவர்கள் குறைவாகவே குடித்தனர். இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறினால் மூளை தாகத்தை எழுப்ப வேண்டும். வயது ஏற ஏற அந்த உணர்வு மழுங்குகிறது. சிறுநீரகங்களும் நீரை இறுத்து மிச்சம் பிடிக்கும் ஆற்றலில் தளர்கின்றன. போதாக்குறைக்கு, உடலின் நீரில் பெரும்பங்கைத் தாங்கும் தசை மெலிவதால், வாலிபத்தில் எடையில் சுமார் 60 சதவீதமாயிருந்த நீர் முதுமையில் 50 சதவீதத்தை ஒட்டி வந்துவிடுகிறது. கையிருப்பே குறைவு!

நம் கடற்கரை ஊர்களில் வியர்வை சட்டையை நனைத்து நம்மை எச்சரிக்கும். டில்லியின் வறண்ட அனற்காற்றிலோ அது அரும்பும்போதே உலர்ந்துவிடும். இழப்பு கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு நாள் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றியபின் தந்தையார் தெளிந்தார். பிறகுதான் இன்னொரு காரணமும் வெளிவந்தது. இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போனால் மருமகளின் தூக்கம் கெடுமே என்று, வேண்டுமென்றே நீரைக் குறைத்திருக்கிறார். இதை எந்த ஆராய்ச்சி கண்டுபிடிக்கும்?

ஆகவே முதியவரிடம் "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்காதீர்கள், "வேண்டாம்" என்பதே விடையாயிருக்கும். நேரம் வைத்து, மோரோ கஞ்சியோ நீரோ, கையில் கொடுத்துவிடுங்கள். பெரும்பகுதி மாலைக்குள் முடியட்டும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கும், சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்பவர்களுக்கும் மட்டும் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.