“டூர்லயும் சாதியா?” என்று கேட்பவர்களுக்கு

காணும் பொங்கல், கோடை விடுமுறை, தொடர்ச்சியாக மூன்று நாள் லீவு என்று எது வந்தாலும் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலை வேன்களால் நிறைந்துவிடுகிறது. கோமுகி அணையில் ஒரு செல்ஃபி, பெரியார் நீர்வீழ்ச்சியில் ஒரு குளியல், கரியாலூரில் படகு, வெள்ளிமலையில் சாப்பாடு, காலில் தெம்பு இருந்தால் மேகம் அருவி வரைக்கும் ஒரு நடை. கூடவே ஒரு நாள் கிடைத்தால் தியாகதுர்கம் கோட்டை, திருக்கோவிலூர் கோயில்கள். எல்லாம் முடிந்து இறங்கும்போது ஒரு ரீல்ஸ்: “யாருக்கும் தெரியாத சொர்க்கம்.”

யாருக்கும் தெரியாதாம். அப்படியானால் அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்களே, அவர்கள் யார்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் உடனே பதில் வருகிறது: “குடும்பத்தோட சந்தோஷமா ஒரு நாள் போயிட்டு வர்றோம். டூர்லயும் சாதியா? எதுக்கெடுத்தாலும் சாதியைக் கொண்டாந்து நுழைக்காதீங்க.” சாதியை நுழைப்பது நாம் அல்ல தோழர்களே. அது நமக்கு முன்பே வண்டியில் ஏறி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

பழைய கோட்டையைப் பார்க்கப் போன ஒரு குழுவின் கதை நமக்குத் தெரியும். 1934ஆம் ஆண்டு. சுமார் முப்பது பேர் எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. தூசி படிந்த பயணம். கோட்டை வாசலருகே ஒரு குளம் இருந்தது. முகம், கை கால் கழுவினார்கள். அவ்வளவுதான். ஒரு முதியவர் கத்திக்கொண்டே ஓடிவந்தார், கூட்டம் கூடியது, தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று வசை பொழிந்தது. கடைசியில் கோட்டையைப் பார்க்க அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது. தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாய் கூடவே வந்தார்.

அந்தக் குழுவில் இருந்தவர் அம்பேத்கர். கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டம் பெற்றவர், பாரிஸ்டர், வட்டமேசை மாநாடுகளில் உட்கார்ந்து பிரிட்டிஷ் பிரதமரோடு வாதாடியவர். ஒரு சுற்றுலாத் தலத்தில் அந்தத் தகுதிகள் எதுவும் ஒரு சொம்புத் தண்ணீருக்குப் பெறவில்லை. கத்திக்கொண்டு வந்தவர் ஒரு முஸ்லிம் முதியவர். இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் மற்றவர்களுக்கும் தீண்டத்தகாதவனாகிவிடுகிறான் என்று காட்டவே இந்தச் சம்பவத்தை அம்பேத்கர் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதிவைத்தார். இதில் எனக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. சுற்றிப் பார்ப்பது என்பது எல்லோருக்கும் இயல்பாகக் கிடைத்த பொழுதுபோக்கு அல்ல. பொது வழியில் நடக்கவும், பொதுக் குளத்தில் இறங்கவும், அறியாத ஊரில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கவும் உரிமை இருப்பவர்தான் சுற்றுலாப் பயணி. அது இல்லாதவர், எந்த ஊருக்குப் போனாலும் சந்தேகத்துக்குரியவர்.

எங்கள் தெருவிலிருந்து கோமுகி அணைக்குப் போகும்போது எங்கள் ஆயா ஒரு குடம் தண்ணீரும் ஒரு தூக்குவாளி கட்டுச்சோறும் இல்லாமல் வண்டி ஏறமாட்டார். சிக்கனம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வழியில் யார் வீட்டு வாசலிலும் போய்த் தண்ணீர் என்று நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குடம். தௌலதாபாத் குளத்தைப் பற்றி ஆயா படித்தவர் அல்ல. படிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

“அதெல்லாம் அந்தக் காலம்” என்பவர்கள் என் அத்தை மகனிடம் பேசலாம். அவன் டூர் வேன் ஓட்டுகிறான். சவாரிக்கு வருபவர்கள் முதல் அரை மணி நேரத்தில் “தம்பி எந்த ஊரு?” என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் “ஊர்ல எந்தப் பக்கம்?” என்பார்கள். மூன்றாவது கேள்வி “எந்தத் தெரு?” அவன் தெருவைச் சொன்ன பிறகு, மதியம் பாய் விரித்துக் குடும்பமாகச் சாப்பிடும்போது அவனுக்கு மட்டும் பொட்டலம் வண்டிக்கே வந்துவிடும். யாரும் திட்டவில்லை, யாரும் அடிக்கவில்லை. சாதி இப்போது நாகரிகமாக, டிஷ்யூ பேப்பரோடு பரிமாறப்படுகிறது.

சரி, மலைக்கு வருவோம்.

கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள், மலைவாசிகள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாகக் கிளம்பி ஆளுக்கொரு மலையில் குடியேறினோம் என்பது அவர்கள் சொல்லும் வாய்மொழி வரலாறு. நாடு 1947இல் விடுதலை பெற்றது. இந்த மலை பெறவில்லை. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் பிடியில் 1976 வரை கிடந்தது. வரியும் அவர்களுக்கே, கூலியில்லா உழைப்பும் அவர்களுக்கே. இந்தியா குடியரசாகி இருபத்தாறு ஆண்டுகள் ஆன பிறகுதான் ஜாகீர் முறை அங்கே முடிவுக்கு வந்தது. அதுவும் நாடு முழுக்க உரிமைகள் முடக்கப்பட்டிருந்த நெருக்கடி நிலைக் காலத்தில்! அருவிக்கு வழி கேட்கும் எத்தனை பேருக்கு இந்த வரலாறு தெரியும்? அருவிக்குப் பக்கத்தில் இதைச் சொல்லும் ஒரு பலகையாவது வேண்டாமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், கூலித் தொழிலாளர்கள். அப்போது தொலைக்காட்சிகளுக்குக் கல்வராயன் மலை நினைவுக்கு வந்தது. எப்படி? சாராய மலையாக. முந்தின மாதம் வரை “கோடைக்கு ஏற்ற குளு குளு மலை” என்று காட்டிய அதே கேமராக்கள், ஒரே வாரத்தில் மொத்த மலையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. மெத்தனால் மலையில் ஊறுவதில்லை. அது தொழிற்சாலையில் தயாராகும் ரசாயனம். அது நகரத்துக்குள் எப்படி வந்தது, காவல்துறையின் மூக்குக்குக் கீழே எப்படி விற்றது என்று கேட்பதைவிட, பழங்குடியைக் கைகாட்டுவது எளிது. ஆக, பொதுப் புத்திக்கு அந்த மலை ஒன்று காட்சி, இல்லையென்றால் குற்றம். இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் வாழ முடியும் என்பது அதற்குத் தெரியாது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நீதிபதிகள் சொல்ல வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள். வாரம் தவறாமல் வேன்கள் ஏறி இறங்கும் ஒரு மலையை, ஆட்சியாளர்கள் போய்ப் பார்க்கும்படி நீதிமன்றம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் போய்ப் பார்த்தும் யாரும் பார்க்காத மலை அது.

பக்கத்து மலையையும் மறக்க வேண்டாம். சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கே வாழ்பவர்களும் மலையாளிப் பழங்குடிகளே. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் 215 அரசு ஊழியர்களைத் தண்டித்தது. 2023 செப்டம்பரில்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள்! இயற்கை அழகு என்று நாம் ரசிக்கும் காடு, அங்கே வாழ்பவர்களுக்குச் சீருடைக்கு அஞ்சி ஒளிந்த இடமும்கூட.

அடுத்து, பழம்பெருமை பார்க்கும் பயணம்.

திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயிலில் தூக்கிய திருவடியைக் காட்டி பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். மூன்றடி மண் கேட்ட வாமனனின் சாமர்த்தியத்தைச் சொல்கிறோம். கொடுத்தவன் தலையில் கால் வைத்த கதை இது என்று ஏன் சொல்வதில்லை? 1873இல் ‘குலாம்கிரி’ எழுதிய ஜோதிராவ் புலே, பலிராஜாவை உழைக்கும் மக்களின் அரசனாகவும், வாமனனை நிலத்தைப் பறிக்க வந்த பார்ப்பனனாகவும் வாசித்தார். உங்கள் பிள்ளை எந்தக் கதையை நம்ப வேண்டும் என்று நான் கட்டளையிடவில்லை. இரண்டு கதையும் அதற்குத் தெரியட்டும். கூடவே இதையும் சொல்லுங்கள்: 1947 கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை சேரி மக்களுக்கு இந்த வாசல்கள் சட்டப்படியும் உரிமையானவை அல்ல.

சட்டம் வந்த பிறகு திறந்துவிட்டதா? சின்னசேலம் அருகே எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2023 ஜனவரி 2 அன்று, வைகுண்ட ஏகாதசி நாளில், போலீஸ் பாதுகாப்போடு. சங்கராபுரம் அருகே சேஷசமுத்திரத்தில் தலித் மக்கள் தங்கள் அம்மனுக்குத் தேர் செய்து பொதுச் சாலையில் இழுக்க முயன்றார்கள். 2015 ஆகஸ்ட் 15 இரவு ஆதிக்க சாதிக் கும்பல் தேரை எரித்தது, வீடுகளை எரித்தது. சுதந்திர தினத்தன்று! நீங்கள் ஏசி காரில் ஜன்னலை ஏற்றிக்கொண்டு கடக்கிற இந்த மாவட்டத்துச் சாலைகளில், ஒரு சாமியை இழுத்துப் போவதற்கே உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

அதே திருக்கோவிலூர் வட்டாரத்தில் ஜம்பை இருக்கிறது. 1981இல் அங்கே கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி பள்ளி கொடுத்ததைச் சொல்கிறது. சமணத் துறவிகள் தங்கிய பாறை. ஆத்தூர் பக்கம் தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. சேலத்தில் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்று வணங்கப்பட்ட சிலை புத்தருடையது என்று 2022இல் உயர் நீதிமன்றமே ஏற்றது. இவை எந்தக் குடும்பச் சுற்றுலாவின் பட்டியலிலும் இல்லை. எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைப் போலவே, எதைப் பார்க்காமல் வருகிறோம் என்பதையும் சாதி முடிவு செய்கிறது. வேதத்துக்கு வெளியே வாழ்ந்த ஒரு தமிழகம் பாறையில் எழுத்தாகக் கிடக்கிறது. நமக்கோ இறங்கிப் பார்க்க நேரமில்லை.

அதற்காக யாரும் சுற்றுலா போகாதீர்கள் என்று சொல்வதா என் நோக்கம்? இல்லவே இல்லை. போக வேண்டும். முதலில் நாம் போக வேண்டும். நம் அம்மாக்கள், ஆயாக்கள், கூலி வேலைக்கே ஆயுள் முழுக்க ஊர் மாறியவர்கள், ஒரு முறையாவது வேடிக்கை பார்ப்பதற்காக மட்டும் ஒரு ஊருக்குப் போக வேண்டும். ஓய்வும் ரசனையும் ஆதிக்க சாதிகளின் பட்டா நிலம் அல்ல. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் மாமல்லபுரமும் கீழடியும் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்கு மட்டும்தான் சுற்றுலா போக வேண்டுமா? மலையிலிருந்தும் கிளம்பட்டும்.

ஆனால் போகிறவர்களுக்குப் பொறுப்பு இருக்கிறது. கேட்காமல் யார் வீட்டு முற்றத்தையும் படம் எடுக்காதீர்கள்; நம் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்று கேமராவைத் தூக்கினால் சும்மா விடுவோமா? பேரம் பேசாமல் கடுக்காயும் புளியும் தேனும் அவர்களிடமே வாங்குங்கள். பாட்டிலை உடைத்துப் பாறையில் போட்டு வராதீர்கள். அந்தப் பாறையில் நாளை வெறுங்காலோடு நடப்பவர் நீங்கள் அல்ல. வண்டி ஓட்டுபவரை உங்கள் பாயிலேயே உட்கார வையுங்கள்.

இவை நம் கையில் இருப்பவை. அரசிடம் கேட்க வேண்டியவை வேறு. மலையில் கோடை விழா நடத்தத் தெரிந்த அரசுக்கு, 2006 வன உரிமைச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தவும் தெரிய வேண்டும். தனிநபர் பட்டா மட்டும் போதாது. காட்டின் மீதான சமூக உரிமையும், சிறு வனப் பொருட்கள் மீதான உடைமையும் அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அருவிக்கு யார் வரலாம், எத்தனை வண்டி வரலாம், வருகிற பணம் எங்கே போக வேண்டும் என்பதை அந்தந்த ஊர்க் கிராம சபை முடிவு செய்யட்டும். சுற்றுலாத் தலத்துக்குச் சாலை போடுவதற்கு முன், நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிவரும் குக்கிராமத்துக்குச் சாலை போடட்டும். இந்த வரிசை மாறினால், அந்த வளர்ச்சி யாருக்கானது என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

தௌலதாபாத்தில் அன்று முப்பது பேருக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி நடந்தது. இன்று நம்மில் பலருக்குப் பின்னால் அப்படி ஒன்று இல்லை என்றால், மகாட் குளத்தில் தொடங்கி எடுத்தவாய்நத்தம் வாசல் வரை போராடியவர்கள்தான் காரணம். அந்த விடுதலையை எடுத்துக்கொண்டு மலையேறும் நாம், அங்கே இருப்பவர்களை வெறும் காட்சியாக்கிவிட்டு இறங்கலாமா? அடுத்த லீவுக்கு வேன் பேசுவதற்கு முன் வீட்டில் இதைப் பேசுங்கள். “டூர்லயும் சாதியா?” என்று யாராவது கேட்டால், “ஆமாம், அதனாலதான் இறக்கிவிடச் சொல்றோம்” என்று சொல்லுங்கள்.