ஒரு பெல்ட்டில் இருக்கிறது

எங்கள் கந்தர்வக்கோட்டை வீட்டில் ஓடுவது, 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த விலையில்லா கிரைண்டர். 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது அது மூலையில் கிடந்தது. அம்மா ஆட்டுக்கல்லைக் கழுவி உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அவரால் தோளைத் தூக்க முடியவில்லை. கரண்ட் வந்து கிரைண்டர் சுற்றியபோது அவர் கண் கலங்கியதை நான் மறக்கவில்லை.

போன மாதம் அது நின்றுவிட்டது. மோட்டார் உறுமுகிறது, கல் அசையவில்லை. கடைவீதியில் பழுதுபார்ப்பவர் அடித்தட்டைக் கழற்றிக் காட்டினார்: பெல்ட் தேய்ந்து, பளபளத்து, ஓரம் வெடித்திருந்தது. புதிது மாட்டியதும் பத்தே நிமிடத்தில் கல் சுழன்றது. ஆனால், வாங்கி இரண்டே வருடமான மிக்ஸிக்கு, "கப்ளர் வராதுங்க, புதுசு வாங்கிக்குங்க" என்கிறார்கள்.

ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. நல்லது. ஆனால் உதிரிபாகம் எங்கள் கடைவீதிக்கு வர வேண்டும். எத்தனை ஆண்டுகள் அது கிடைக்கும் என்று பெட்டியிலேயே அச்சிடுவதைக் கட்டாயமாக்குங்கள். ஒரு பெல்ட் கிடைக்காததால் எந்தப் பெண்ணும் மறுபடி ஆட்டுக்கல் முன் உட்காரக் கூடாது.