கோப்பில் ஏறாத ஆலோசனை வேண்டாம்

பிரதமரின் நிழலாக இருக்கும் அதிகாரி என்ன யோசனை சொன்னார், பிரதமர் அதில் எதை ஏற்றார் என்பது என்றாவது ஒருநாள் மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பி.என்.ஹக்சரின் வாழ்க்கையைப் படிப்பவர்களுக்கு இதன் அவசியம் புரியும்.

1913-இல் குஜ்ரன்வாலாவில் பிறந்து, லண்டனில் படித்து, வெளியுறவுப் பணியில் இருந்த அவரை 1967-இல் இந்திரா காந்தி தம் செயலராக்கினார். அடுத்த ஐந்தாண்டுகளில் அவர் கைபடாத பெரிய முடிவு டெல்லியில் அரிது. 1969 ஜூலை 16 அன்று மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. 19-ஆம் தேதி, சனிக்கிழமை, 14 வங்கிகளை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டமே வந்துவிட்டது. அதன் பின்னணியில் இருந்த மூளை ஹக்சருடையது. 1971-இன் சோவியத் ஒப்பந்தம், வங்கதேசப் போர், 1972-இன் சிம்லா உடன்பாடு எல்லாவற்றிலும் அவர் இருந்தார்.

தேர்தலில் நிற்காத, அவையில் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒருவரிடம் இத்தனை அதிகாரம் குவிந்தது தவறு. அமைச்சரவையை மிஞ்சிப் பிரதமரின் செயலகம் வளர்ந்தது அவர் காலத்தில்தான். அந்தப் பழி அவரைச் சேரும். இந்திராவின் மகன் சஞ்சய் காந்தியின் கார் திட்டம் பிடிக்காமல் செல்வாக்கு இழந்தவர், 1973 தொடக்கத்தில் செயலர் பதவியிலிருந்து விலகினார். நெருக்கடி நிலையின்போது கன்னாட் பிளேசில் அவர் குடும்பத்தாரின் ‘பண்டிட் பிரதர்ஸ்’ கடை சோதனைக்குள்ளானது. முதிய உறவினர் கைதானார். அப்போது ஹக்சர் திட்டக்குழுவின் துணைத் தலைவர்! ஆனாலும் 1977 வரை அந்தப் பதவியில் நீடித்தார். அவர் வாழ்வின் பெருங்குறை அதுதான்.

ஆனால், அவர் எழுதிவைத்தார். பிரதமருக்குக் கசக்கும் கருத்தையும் குறிப்பாக எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள்கள் டெல்லி தீன்மூர்த்தி வளாக நூலகத்தில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. ஜெய்ராம் ரமேஷ் 2018-இல் அவற்றைக் கொண்டுதான் ஹக்சரின் வரலாற்றை எழுதினார். இன்று அவரைப் பாராட்டவும் கண்டிக்கவும் நமக்குச் சான்று இருக்கிறது.

இப்போதைய நிலை என்ன? 2019-இல் பிரதமரின் முதன்மைச் செயலருக்குக் கேபினட் அமைச்சர் அந்தஸ்து தரப்பட்டது. 2025-இல் இன்னொரு முதன்மைச் செயலரும் நியமிக்கப்பட்டார். அமைச்சருக்குரிய அந்தஸ்து உண்டு, அவைக்குப் பதில் சொல்லும் கடமை மட்டும் இல்லை. போனிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லி முடிக்கப்படும் யோசனைக்குக் கோப்பும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. முடிவு தவறிப்போனால் யாரைக் கேட்பது?

1993-இன் பொது ஆவணச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். பிரதமர், முதல்வர்களின் செயலர்களும் ஆலோசகர்களும் தரும் ஒவ்வொரு முக்கிய யோசனையும் எழுத்தில் பதிவாக வேண்டும். 25 ஆண்டுகளில் அது தானாகவே மக்கள் பார்வைக்கு வர வேண்டும். அமைச்சர் அந்தஸ்து பெற்றவர்களை நாடாளுமன்றக் குழு அழைத்து விசாரிக்கவும் வழி செய்ய வேண்டும். ஆளும் கட்சி தயங்கினால், எதிர்க்கட்சிகள் இதைத் தனிநபர் மசோதாவாகவாவது அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவரட்டும்.