சியரா லியோனைப் பாதி மட்டும் படித்தவருக்கு

இலங்கையின் மன்னார் தீவு மணலில் இருக்கும் இல்மனைட் என்ற டைட்டானியத் தாதுவைத் தோண்டி விற்றால் போர் தின்ற வடக்கு நிமிர்ந்துவிடும், மொட்டமலை அகதி முகாமில் இருப்பவர்கள் வேலை தேடி ஊர் திரும்புவார்கள், சியரா லியோன் அப்படித்தான் எழுந்தது என்று எழுதியிருக்கிறார் நம்மூர்க் கட்டுரையாளர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கும் அந்த முகாமைத் தன் வாதத்துக்குச் சாட்சியாக இழுத்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சியரா லியோன். 2002இல் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தது, 2013இல் பொருளாதாரம் 20 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது என்கிறார். உண்மைதான். அட்டவணையை அங்கேயே ஏன் மடித்து வைத்தார்? அடுத்த வரிகளையும் படித்திருந்தால், இரும்புத்தாது விலை சரிந்து எபோலாவும் சேர்ந்த 2015இல் அதே பொருளாதாரம் 20 விழுக்காடு சுருங்கியதைப் பார்த்திருப்பார். இரண்டே ஆண்டில் ஏறியதெல்லாம் இறங்கிய ஒன்றை ‘எழுச்சி’ என்று வாசகனிடம் விற்பதற்கு, வாசகனுக்குக் கணக்குத் தெரியாது என்ற நம்பிக்கை வேண்டும். டைட்டானியத் தாதுவைப் பற்றி எழுதுகிறவர், அதே தாதுவை அந்நாட்டில் தோண்டிய சியரா ரூட்டைல் சுரங்கத்தை ஒரு சொல்லால்கூடத் தொடவில்லை. 1995 ஜனவரியில் கிளர்ச்சிப் படை அதைத் தாக்கியது. பத்தாண்டுக்கு மேல் அங்கே உற்பத்தி இல்லை. சுரங்கம் போரைத் தடுக்கவில்லை, போருக்கு இலக்கானது. அந்நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2004இல் தந்த அறிக்கையோ, போரின் வேரை அங்கே கிடைக்கும் வைரத்தில் அல்ல, ஊழலிலும் மோசமான ஆட்சியிலும் உரிமை மறுப்பிலும் கண்டது. அந்த வேரைத் தொடாமல் மண்ணை மட்டும் தோண்டச் சொல்வது என்ன மருத்துவம்?

“கனிமம் தூங்கிக் கிடந்ததால் வறுமை, வறுமையால் போர்” என்பது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள புல்மோட்டையில் கனிமம் தூங்கவேயில்லையே! அரசின் கனிம மணல் கூட்டுத்தாபனம் 1957இலேயே தொடங்கப்பட்டது. 1983இல் போர் வந்தது. 1997 செப்டம்பரில் அங்கே இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கப்பலையே புலிகள் தாக்கி மூழ்கடித்தார்கள். தோண்டியும் போர் வந்த ஊர் கண்முன்னே இருக்க, தோண்டாததால் போர் வந்தது என்று எந்தத் துணிவில் எழுதுகிறார்?

இதில் அவர் சொல்லாமல் விட்டதுதான் மையமான விஷயம்: யார் முடிவு செய்வது? 1992ஆம் ஆண்டுச் சுரங்க, கனிமச் சட்டப்படி அகழ்வு உரிமம் கொடுப்பது இலங்கை நடுவண் அரசின் பணியகம். வட மாகாண சபைக்கு 2013இல் முதல் தேர்தல் நடந்தது. 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தது. ஏழாண்டு கடந்தும் அடுத்த தேர்தல் இல்லை. சபையே இல்லாத மாகாணத்தில் “மக்கள் ஒப்புதலோடு” என்று இவர் எழுதும் ஒப்புதலை யார் கொடுத்தது? 2025 ஆகஸ்டில் காற்றாலையையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் மக்கள் நாள்கணக்கில் தெருவில் இருந்தார்களே, அதற்கு என்ன பெயர்? “தூண்டிவிடப்பட்டவர்கள்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தீவு அது. மணலுக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணற்று நீர். மணலை அள்ளினால் உப்பு ஏறும் என்பது குடம் தூக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். தன் கிணற்றைக் காக்க அவளுக்குத் தூண்டுதல் வேறு வேண்டுமா?

வளர்ச்சி எதுவென்று பார்க்க, ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி நமக்கு எத்தனை தூரம்? வெறும் நூல் அங்கே மருத்துவத் துணியாகி வெளியே போகிறது. கூலியும் லாபமும் ஊரில் தங்குகின்றன. பஞ்சை மூட்டையாகவே ஏற்றி அனுப்பியிருந்தால் ராஜபாளையம் சுற்றுவட்டாரம் இன்று எப்படி இருந்திருக்கும் என்று இந்த ஊர்க்காரருக்குத் தெரியாதா? புல்மோட்டைத் தாது இத்தனை காலமும் பெரும்பாலும் அந்தப் பஞ்சு மூட்டையைப் போல வெறும் தாதுவாகத்தான் கப்பலேறியது. அந்த வழியையே மன்னாருக்கும் காட்டி, அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைக்கிறார்.

அதைவிட உறுத்துவது வேறொன்று. இதே கடற்கரைத் தாதுமணலை அள்ளுவதற்குத் தமிழக அரசு 2013இல் தடை போட்டது. தூத்துக்குடியும் நெல்லையும் குமரியும் பட்ட பாட்டை அடுத்த மாவட்டத்தில் இருந்து பார்த்தவர் அவர். இக்கரையில் கேடு என்றானது அக்கரையில் எப்படி வாழ்வாதாரம் ஆகும்?

முகாமில் இருப்பவர்களைப் பற்றி அவருக்கு அக்கறை இருந்தால், அவர்கள் கேட்பதைக் கேட்டிருப்பார். கைவிட்டு வந்த காணி, இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை, திரும்பினால் தொழில் செய்ய ஒரு கரை. மன்னார்த் தீவின் பேசாலையில் வலை இழுத்தவனுக்கு மணல் போன கரையில் என்ன தொழில் மிஞ்சும் என்று கேட்க அவர் மன்னார் வரை போக வேண்டியதில்லை, மொட்டமலையில் பேருந்தை விட்டு இறங்கியிருந்தாலே போதும்.