மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

அன்புள்ள வாசகர்களுக்கு,

பர்மிங்ஹாமுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் எல்லாரும் வியந்து சொல்வது ஒன்று உண்டு. சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் முன்னால் நிற்கும் கார் நகர்வதில்லை. ஓட்டுகிறவர் போனில் மூழ்கியிருக்கிறார். பின்னால் ஏழெட்டு கார்கள் நின்றாலும் ஒருவர்கூட ஹாரன் அடிப்பதில்லை. “எவ்வளவு பொறுமைசாலிகள் சார் இந்த அலபாமாக்காரர்கள்!” என்று நியூ ஜெர்சியிலிருந்து வந்தவர்கள் உருகிப்போகிறார்கள்.

இதற்குக் காரணம் பொறுமை இல்லை, ஊரின் அளவுதான் என்பது என் கட்சி. நகர எல்லைக்குள் சுமார் 2 லட்சம் பேர். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் 11 லட்சத்துக்கு மேல். போக்குவரத்து நெரிசலுக்கு இது தாராளமாகப் போதும். நெரிசலில் யாரையாவது திட்டிவிட்டு முகம் தெரியாமல் தப்பிப்பதற்குத்தான் போதாது. காலையில் நீங்கள் ஹாரன் அடித்து விரட்டிய அம்மாள், மாலையில் உங்கள் பல்லைப் பிடுங்கப்போகும் டாக்டராக இருக்கலாம். எதற்கு வம்பு? அதனால்தான் இங்கே ஐந்து வயதுப் பிள்ளைகூட ‘யெஸ் மேம், நோ சார்’ என்று பேசுகிறது.

இதே காரணத்தால்தான் இங்கே வழி சொல்கிறவர்களும், கேட்கிறவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். “ஈஸ்ட்வுட் மால் இருந்த இடத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்புங்கள்” என்பார்கள். அந்த மாலை 1960-இல் திறந்தார்கள், 2006-இல் இடித்தார்கள். இப்போது அங்கே நிற்பது வால்மார்ட். ஆனால் வால்மார்ட் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வருவதில்லை. நம் மதுரை வாசகர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். தங்கம் தியேட்டர் என்று நீங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதும் துணிக்கடையைத்தானே?

சரி, முகவரியை எழுதியே வாங்கிக்கொள்வோம் என்றால் அதிலும் ஒரு கண்ணி. இந்த ஊர் ஆற்றங்கரையில் பிறந்ததல்ல. 1871-இல் இரண்டு ரயில் பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், பக்கத்தில் இரும்புத் தாதும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் கிடைக்கின்றன என்பதற்காகவே கிளம்பிய ஊர். தண்டவாளத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் 1, 2, 3 என்று அவென்யூக்களுக்கு எண் போட்டார்கள். அதனால் வடக்கிலும் ஒரு ஐந்தாம் அவென்யூ, தெற்கிலும் ஒரு ஐந்தாம் அவென்யூ. ‘நார்த்’தா ‘சவுத்’தா என்று கேட்டுக்கொள்ளாமல் கல்யாண வரவேற்புக்குக் கிளம்புகிறவர், யாரோ ஒருவருடைய ஓய்வுபெறும் விழாவில் போய் நிற்பார். அங்கேயும் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவார்கள்.

மலை மேல் நிற்கும் வல்கனைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. ரோமானியர்களின் கொல்லர் தெய்வம். 56 அடி உயரம். வார்ப்பிரும்பில் உலகிலேயே பெரிய சிலை. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காக, எங்கள் இரும்பைப் பாருங்கள் என்று ஊரே பெருமையாகச் செய்து அனுப்பியது. கண்காட்சி முடிந்து திரும்பி வந்தவரைக் கவனிக்க ஆளில்லை. பொருட்காட்சித் திடலில் கொண்டுபோய் நிறுத்தி, கையில் ஐஸ்கிரீம் கோனைக் கொடுத்து விளம்பரத்துக்கு விட்டார்கள். தெய்வத்துக்கு வந்த சோதனை! 1930-களின் கடைசியில்தான் ரெட் மவுண்டன் உச்சியில் இடம் கிடைத்தது. 1946-இல் கையில் ஒரு விளக்கும் கொடுத்தார்கள். பச்சையாக எரிந்தால் ஊரில் சாலை விபத்துச் சாவு இல்லை, சிவப்பு என்றால் யாரோ போய்விட்டார் என்பது அன்றைய பொருள். அரை நூற்றாண்டுக்கு மேல் பிள்ளைகள் ராத்திரி படுக்கப்போகும் முன் ஜன்னல் வழியே அதைப் பார்த்திருக்கிறார்கள்.

வல்கனுக்கு முன்பக்கம் கொல்லர் ஏப்ரன் உண்டு. பின்பக்கம் ஒன்றுமே கிடையாது. அவர் நகரத்தைப் பார்த்து நிற்கிறார். பின்பக்கம் ஹோம்வுட் புறநகரைப் பார்த்திருக்கிறது. அங்கே வீடு வாங்கிய நம் வாசகர்கள் ‘மலைக் காட்சி உண்டு’ என்று புரோக்கர் சொன்னதை நம்பியவர்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் சிரிப்பில்லாத கதையும் இருக்கிறது. 1960-இல் நகரத்துக்குள் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1963 செப்டம்பரில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். ‘யெஸ் மேம்’ மரியாதை அன்றைக்கு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பிறகு வந்த ஆண்டுகளில் வெள்ளையர்கள் சாரிசாரியாக மலையைத் தாண்டிக் குடிபோனார்கள். நம் சந்தாதாரர் பட்டியலைப் பார்த்தாலும் பெரும்பாலான முகவரிகள் ஹூவர், வெஸ்டாவியா, ஹோம்வுட்தான். விருந்தாளிகளை வல்கனுக்கு மட்டும் கூட்டிப்போய்ப் படம் எடுத்து அனுப்பிவிடாமல், அந்தத் தேவாலயத்துக்கும் எதிரே உள்ள சிவில் உரிமைக் கழக அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இந்த ஊரின் மதியச் சாப்பாடு ‘மீட் அண்ட் த்ரீ’. கறி ஒன்று, காய் மூன்று. கறியை விட்டுவிட்டு மூன்று காயையும் வாங்கிக்கொள்ளலாம் என்று நம் சைவ வாசகர்கள் சந்தோஷமாக வரிசையில் நிற்பார்கள். கீரையில் பன்றிக்கறி வாசனை. பீன்ஸிலும் அதே. காய்கறிப் பட்டியலில் தைரியமாக உட்கார்ந்திருப்பது மாக்கரோனி சீஸ். அது எந்தச் செடியில் காய்க்கிறது என்று பரிமாறும் அம்மாளிடம் கேட்டுவிடாதீர்கள். அவர் நம்மை ‘ஹனி’ என்று கூப்பிட்டவர். பொரித்த வெண்டைக்காய்தான் நமக்குக் கதி. அதைப் பொறுத்தவரை இந்த ஊர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுவையான உபரிச் செய்தி: தெற்கத்திச் சாப்பாட்டுக்குப் பேர்போன இங்கத்திய கடைகள் பலவற்றை நடத்தியவர்கள் கிரேக்கர்கள். பெஸ்ஸமரில் 1907-இல் தொடங்கிய பிரைட் ஸ்டாரும் அப்படித்தான்.

குளிர்காலம் வந்தால் பாலும் ரொட்டியும் காலி. ‘பனி விழலாம்’ என்று டிவியில் ஒரு வார்த்தை போதும். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். 2014 ஜனவரி 28 அன்று இங்கே இருந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். இரண்டே அங்குலப் பனி. காரை நடுரோட்டில் விட்டுவிட்டு ஜனங்கள் நடந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே தூங்கினார்கள், ஒரு மூளை அறுவை மருத்துவர் அவசர ஆபரேஷனுக்காக ஆறு மைல் பனியில் நடந்தே இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போனார். சூறாவளிக் காலத்தில் ஊர் பார்ப்பது வானிலை அறிவிப்பாளர் ஜேம்ஸ் ஸ்பானின் கோட்டை. அவர் கோட்டைக் கழற்றிவிட்டு சஸ்பெண்டரோடு நின்றால், அடுப்பை அணைத்துவிட்டு அடித்தளத்துக்கு இறங்கவேண்டியதுதான்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. நம் வாசகர் சந்திப்பை நவம்பர் கடைசியில், நன்றி நவிலும் நாளுக்குப் பிந்தைய சனிக்கிழமை வைக்கலாமே, எல்லாருக்கும் லீவுதானே என்று புது வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அலபாமாவும் ஆபர்னும் மோதும் அயர்ன் போல் கால்பந்து ஆட்டம். 1907-இல் ஆட்டக்காரர்களின் படிக்காசு, நடுவர் யார் என்ற தகராறில் இரண்டு கல்லூரிகளும் 41 ஆண்டுகள் ஒருவரோடு ஒருவர் விளையாடாமல் இருந்தன. 1948-இல் மறுபடி சேர்ந்தது நம் ஊர் லீஜன் ஃபீல்டில்தான். அன்று ஹால் வாடகை மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மை. சமையல்காரர் கிடைக்க மாட்டார், மைக் செட்காரர் கிடைக்க மாட்டார், நம் பொருளாளரே வரமாட்டார். அவர் ஆபர்ன். செயலாளர் அலபாமா. ஆகவே சந்திப்பு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு. முதல் நாள் தோற்ற கட்சிக்காரர்களுக்குப் பாயசம் முதலில் பரிமாறப்படும்.

அன்புடன்,
ஆசிரியர்